ஜின்செங் ஆரம்பிக்கறதா இருந்தா, பாட்டில் வாங்கறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க

ஜின்செங் நல்லதா கெட்டதான்னு மொட்டையா கேட்டா பதில் சொல்லவே முடியாதுங்க. எந்த ஜின்செங், எவ்வளவு, எத்தனை நாளைக்கு, கூட வேற என்ன மாத்திரை ஓடிட்டு இருக்கு, இந்த நாலும் தெரிஞ்சாதான் ஏதாவது சொல்ல முடியும். அதுலயும் நாலாவது கேள்விதான் ரொம்ப ரொம்ப முக்கியம், ஆனா அதைத்தான் யாரும் கேக்கறதே இல்ல. "வேர்தானே, ஆயிரக்கணக்கான வருஷமா சாப்பிடறாங்க, என்ன ஆயிடப் போகுது"ன்னு நினைச்சு வாங்கி ஆரம்பிச்சிடறாங்க, டாக்டர் "வேற என்ன எடுக்கறீங்க"ன்னு கேட்டா மருந்து மாத்திரையை மட்டும் சொல்லிட்டு இதை விட்டுடறாங்க. சில பேர் திட்டு விழும்னு மறைக்கறாங்க, பல பேருக்கு அது சொல்ல வேண்டிய விஷயம்னே தோணறதில்ல. நான் இதை எழுதறதே அதுக்காகத்தான். உடம்புல வேலை செய்யற பொருள்னா மத்த மருந்தோடயும் மோதலாம்.

அதனால வழக்கமா எல்லாரும் எழுதற மாதிரி பலன்கள்ல இருந்து ஆரம்பிக்காம, யாரு எடுக்கக் கூடாதுங்கறதுல இருந்து ஆரம்பிக்கறேன். இந்தப் பகுதியில உங்க பேரு வந்துட்டா மீதி எல்லாம் படிக்கணும்னு கூட அவசியம் இல்ல.

முதல் வேலை: மருந்து லிஸ்ட்

ஒரு பேப்பர் எடுத்துட்டு நீங்க தினமும் எடுக்கற எல்லாத்தையும் எழுதுங்க. சுகர் மாத்திரை, பிபி மாத்திரை, ரத்தம் உறையாம இருக்கறதுக்கான மாத்திரை, தூக்க மாத்திரை, மனச்சோர்வுக்கான மாத்திரை, கருத்தடை மாத்திரை, விட்டமின், எனர்ஜி டிரிங்க் உட்பட எல்லாம். எனர்ஜி டிரிங்க்கை ஏன் சேர்க்க சொல்றேன்னு கொஞ்ச நேரத்துல புரியும்.

இதுல ரத்தம் உறையாம இருக்கக் கொடுக்கற வார்ஃபரின் இருந்தா அங்கயே நிறுத்திடுங்க, டாக்டர்கிட்ட பேசாம ஜின்செங்கைத் தொடாதீங்க. 2004ல சிகாகோவுல 20 ஆரோக்கியமான ஆளுங்களை வெச்சு ஒரு ஆய்வு பண்ணாங்க, வார்ஃபரின் கூட சிலருக்கு அமெரிக்கன் ஜின்செங்கும் சிலருக்கு வெறும் டம்மி மாத்திரையும் கொடுத்தாங்க, ரெண்டே வாரத்துல ஜின்செங் எடுத்தவங்களுக்கு ஐஎன்ஆர், அதாவது ரத்தம் உறைய எவ்வளவு நேரம் ஆகுதுன்னு காட்டற டெஸ்ட் அளவு, இறங்கிடுச்சு. ஐஎன்ஆர் இறங்குதுன்னா வார்ஃபரினோட பவர் குறையுதுன்னு அர்த்தம், அதாவது இதயத்துல செயற்கை வால்வு வெச்சிருக்கறவங்களுக்கோ கால்ல ரத்தக்கட்டு வந்தவங்களுக்கோ ரத்தம் கட்டிக்க வாய்ப்பு. கொரியன் ஜின்செங்கை வெச்சுப் பண்ண வேற ஒரு ஆய்வுல இந்த மாதிரி மாற்றம் தெரியல. இன்னொரு பக்கம் லேப்ல பாத்தா ஜின்செங்ல இருக்கற சில பொருட்கள் ரத்தம் உறைய உதவற பிளேட்லெட் அணுக்கள் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கறதையே குறைக்குது, அப்படின்னா ரத்தப்போக்கு கூடலாம். ஆக எந்தப் பக்கம் இழுக்கும்னு முன்கூட்டியே யாராலயும் சொல்ல முடியாது, வார்ஃபரின் மாதிரி நூல் பிடிச்ச மாதிரி அளவு வெச்சு எடுக்கற மருந்தோட இதைச் சேர்க்கறது சரியே இல்ல. ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல் எடுக்கறவங்களும் கேட்டுட்டுதான் எடுக்கணும்.

சுகருக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுக்கறவங்க அடுத்தது. ஜின்செங் சர்க்கரையைக் கொஞ்சம் இறக்கலாம், மருந்தும் இறக்கும், ரெண்டும் சேந்து லோ சுகர் ஆனா வேர்வை, நடுக்கம், மயக்கம்னு போயிடும். டாக்டர்கிட்ட சொல்லிட்டு, முதல் சில வாரம் குளுக்கோமீட்டர்ல அடிக்கடி பாத்துட்டேதான் ட்ரை பண்ணணும். அதுல முக்கியமான ஒரு சிக்கல் இருக்கு, கீழ பலன் பகுதியில சொல்றேன்.

மனச்சோர்வுக்கு எம்ஏஓஐ வகை மருந்து, குறிப்பா ஃபீனல்சின் எடுக்கறவங்க வேண்டாம். 1980கள்லயே ரெண்டையும் சேர்த்து எடுத்தவங்களுக்கு தலைவலி, கை நடுக்கம், தூக்கம் போய் ஓவர் எக்சைட் ஆன நிலை எல்லாம் வந்ததா ரிப்போர்ட் ஆகியிருக்கு. பைபோலார் இருக்கறவங்களும் தள்ளியே இருங்க, மேனியாவை, அதாவது அளவுக்கு மீறின உற்சாக நிலையைக் கிளப்பி விட்டதா சொல்ற ரிப்போர்ட்கள் இருக்கு.

இப்ப அந்த எனர்ஜி டிரிங்க் விஷயம். 2010ல ஒரு கேஸ் ரிப்போர்ட் வந்துச்சு. ரத்தப் புற்றுநோய்க்கு இமாட்டினிப் மாத்திரையை வருஷக்கணக்கா எந்தப் பிரச்சனையும் இல்லாம எடுத்துட்டு இருந்த ஒரு இளைஞருக்கு திடீர்னு கல்லீரல் பாதிப்பு. மாத்திரை அதேதான், டோஸும் அதேதான், புதுசா சேந்தது ஜின்செங் கலந்த எனர்ஜி டிரிங்க் மட்டும்தான், அதை சில மாசமா தினமும் குடிச்சிருக்காரு. அதை நிறுத்தி, அப்புறம் மாத்திரையைக் குறைஞ்ச டோஸ்ல மறுபடி ஆரம்பிச்சப்ப கல்லீரல் பிரச்சனை திரும்ப வரல. ஏகப்பட்ட மருந்துகளை உடைக்கற சிஒய்பி3ஏ4ன்னு ஒரு என்சைம் கல்லீரல்லயும் குடல்லயும் இருக்கு, ஜின்செங் அதோட வேகத்தை மாத்தும். இமாட்டினிப் கேஸ்ல மருந்து உடம்புலயே தேங்கியிருக்கலாம்னு சந்தேகப்பட்டாங்க. மிடாசோலம்ங்கற மயக்கம் தர்ற மருந்தை வெச்சு ஆரோக்கியமானவங்ககிட்ட பண்ண ஆய்வுலயோ நேர்மாறா அது சீக்கிரமே கரைஞ்சு போச்சு. அதனால எச்ஐவி மருந்து, கேன்சர் மருந்து, உறுப்பு மாற்று ஆபரேஷனுக்கு அப்புறம் எடுக்கற மருந்து இதெல்லாம் ஓடற யாருமே தானா முடிவு எடுக்கக் கூடாது. உறுப்பு மாற்றுக்காரங்களுக்கு இன்னொரு காரணமும் இருக்கு, அவங்க எதிர்ப்பு சக்தியை வேணும்னே அடக்கி வெச்சிருக்காங்க, ஜின்செங் அதைத் தூண்டி விடலாம். லூபஸ், முடக்குவாதம், எம்எஸ் (மல்டிபிள் ஸ்க்லரோசிஸ்) மாதிரி, எதிர்ப்பு சக்தி நம்ம உடம்பையே தாக்கற ஆட்டோ இம்யூன் நோய்க்கும் இதே காரணம்தான்.

கர்ப்பிணிகள், பால் கொடுக்கற அம்மாக்கள் எடுக்க வேண்டாம். ஜின்செங்ல இருக்கற ஆர்பி-1ங்கற பொருள் எலியோட கருவுல வளர்ச்சிக் கோளாறு உண்டாக்கினதா லேப் ஆய்வுல பாத்திருக்காங்க. மனுஷங்கள்ல அப்படியே நடக்கும்னு இதுக்கு அர்த்தம் இல்ல, ஆனா சோதிச்சுப் பாக்கற நேரமும் அது இல்ல. 18 வயசுக்குக் கீழ இருக்கறவங்களுக்கும் கொடுக்காதீங்க. பரீட்சைக்குப் படிக்கற பசங்களுக்கு ஞாபக சக்தின்னு வாங்கித் தர்ற பெற்றோர்கள் தயவுசெஞ்சு நிறுத்துங்க. ஹார்மோனோட தொடர்புள்ள மார்பகக் கட்டி, கருப்பைக் கட்டி இருக்கறவங்களும் கேன்சர் டாக்டரைக் கேக்காம எடுக்கக் கூடாது.

எது ஜின்செங், எது இல்ல

பேர்ல ஜின்செங்னு இருக்கறதெல்லாம் ஜின்செங் கிடையாது, இது தெரியாம ஒண்ணைப் பத்திப் படிச்சிட்டு இன்னொண்ணை வாங்கிட்டு வர்றவங்க நிறைய. உண்மையான ஜின்செங் பேனாக்ஸ்ங்கற செடிப் பேரினத்துல வர்றது. கொரியா, சீனாவுல விளையற பேனாக்ஸ் ஜின்செங் ஒண்ணு, அமெரிக்காவுலயும் கனடாவுலயும் விளையற பேனாக்ஸ் க்வின்க்விஃபோலியஸ் இன்னொண்ணு. ரெண்டுலயும் முக்கிய சரக்கு ஜின்செனோசைட்ங்கற பொருட்கள்தான், ஆனா எது எவ்வளவுங்கற கலவை வேற, அதான் ரெண்டும் உடம்புல வேற வேற மாதிரி நடந்துக்குது.

சைபீரியன் ஜின்செங்னு விக்கறாங்களே அது எலூதெரோ, வேற செடி, அதுல ஜின்செனோசைட்டே கிடையாது. அமெரிக்காவுல 2002க்கு அப்புறம் அதை ஜின்செங்ங்கற பேர்ல விக்கவே கூடாதுன்னு சட்டம் போட்டுட்டாங்க. இந்தியன் ஜின்செங்னு லேபிள் போட்டு வர்றது அமுக்கரா, அதாவது அஸ்வகந்தா, அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. கெட்டதுன்னு சொல்ல வரல, ஆனா அதோட பலன், ஆபத்து எல்லாமே தனிக் கணக்கு, இங்க நான் எழுதற எதையும் அதுக்குப் போட்டுப் பாக்காதீங்க.

அப்புறம் வெள்ளை, சிவப்புன்னு ரெண்டு சொல்வாங்க, அது ரெண்டு செடி இல்ல. தோண்டி எடுத்து அப்படியே காய வெச்சா வெள்ளை. ஆவியில வேக வெச்சு அப்புறம் காய வெச்சா சிவப்பு. வேகற சூட்டுல சில ஜின்செனோசைட்டுகள் மாறி ஆர்ஜி-3 மாதிரி பச்சை வேர்ல அவ்வளவா இல்லாத பொருட்கள் உருவாகுது. வேரை கைல எடுத்துப் பாத்தாலே வித்தியாசம் தெரியும், வெள்ளை வேர் வெளிறின மஞ்சளா சுருங்கி இருக்கும், சிவப்பு வேர் செம்பழுப்பா கட்டியா இருக்கும், உடைச்சா உள்ள கண்ணாடி மாதிரி மினுங்கும். வேரோட கழுத்துப் பகுதியில வருஷா வருஷம் தண்டு காஞ்சு விழுந்த தழும்பு வரிசையா இருக்கும், அதை எண்ணி வயசை ஓரளவு கணிக்கலாம். பொதுவா 4ல இருந்து 6 வருஷம் வளந்த வேரைத்தான் எடுக்கறாங்க, 6 வருஷ வேருக்குத்தான் மவுசு அதிகம். இவ்வளவு வருஷம் மண்ணுக்குள்ள கிடக்கறதால பூஞ்சைக்குப் பயந்து மருந்து அடிக்கறதும் அதிகம், அதை லேபிள் பகுதியில சொல்றேன்.

நிஜமாவே என்ன பண்ணும்

இங்கதான் விளம்பரத்துக்கும் ஆய்வுக்கும் ரொம்ப தூரம். எனக்கு ஓரளவு நம்பிக்கை தர்ற ஆய்வுன்னா கேன்சர் சோர்வு பத்தினதுதான். 2013ல வெளியான அமெரிக்க ஆய்வு, 364 பேர், கேன்சரால வர்ற அசதிக்கு தினமும் 2000 எம்ஜி அமெரிக்கன் ஜின்செங், 8 வாரம். 4 வாரத்துல டம்மி மாத்திரைக்கும் இதுக்கும் பெரிய வித்தியாசம் தெரியல, 8 வாரத்துல தெரிஞ்சுது. இதுல ரெண்டு விஷயம் கவனிங்க. ஒண்ணு, ரெண்டு நாள்ல எனர்ஜி பொங்கும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க, இதுக்கு வாரக்கணக்குல டைம் வேணும். ரெண்டு, அவங்க கொடுத்தது சுத்தமான வேர்த்தூள், ஆல்கஹால்ல ஊற வெச்சு எடுத்த எக்ஸ்ட்ராக்ட் இல்ல, ஏன்னா அந்த மாதிரி எக்ஸ்ட்ராக்டுக்கு ஈஸ்ட்ரோஜன் மாதிரி வேலை செய்யற குணம் வரலாம்னு ஒரு கவலை இருந்துச்சு. கேன்சர் பேஷன்ட் வீட்டுல இருந்தா இதைப் படிச்சதும் ஓடிப்போய் வாங்காதீங்க, சிகிச்சை கொடுக்கற டாக்டர் ஓகே சொல்லணும்.

சுகர் ஆய்வு இன்னும் சுவாரசியம். டொரண்டோவுல 2000ல ஒரு குழு 3 கிராம் அமெரிக்கன் ஜின்செங் கொடுத்து, அதுக்கப்புறம் குளுக்கோஸ் குடிக்க வெச்சுப் பாத்தாங்க, சர்க்கரை ஏர்றது குறைஞ்சுது. சுகர் இல்லாதவங்களுக்கு 40 நிமிஷம் முன்னாடி எடுத்தாத்தான் குறைஞ்சுது, கூடவே எடுத்தா ஒண்ணும் ஆகல, டைப் 2 இருக்கறவங்களுக்கு ரெண்டு விதத்துலயும் குறைஞ்சுது. சூப்பர்னு தோணுதுல்ல? அதே குழு அப்புறம் வேற ஒரு பேட்ச் அமெரிக்கன் ஜின்செங்கை எடுத்து மறுபடி டெஸ்ட் பண்ணாங்க, அதுல ஜின்செனோசைட் கம்மியா இருந்துச்சு, சர்க்கரை துளிகூட இறங்கல. கொரியன் வகை கொடுத்துப் பாத்தப்ப சில அளவுல சர்க்கரை ஏறவே செஞ்சுது. நான் மேல சொன்ன சிக்கல் இதான், ஒரே பேர் போட்ட ரெண்டு பாட்டில் எதிரெதிரா வேலை செய்யலாம். இதை நம்பி மெட்ஃபார்மின் மாதிரி சுகர் மாத்திரையைக் குறைக்கறது தற்கொலைக்கு சமம், தயவுசெஞ்சு பண்ணாதீங்க.

சளி பிடிக்கறது குறையுமான்னு கேட்டா, கனடாவுல 2005ல வந்த ஒரு ஆய்வுல அமெரிக்கன் ஜின்செங் எக்ஸ்ட்ராக்டை நாலு மாசம் தொடர்ந்து எடுத்தவங்களுக்கு சளித் தொல்லை கொஞ்சம் குறைஞ்சிருந்துச்சு. நாலு மாசம் தினமும் மாத்திரை போட்டு ஒரு சளியைத் தவிர்க்கறது ஒர்த்தான்னு நீங்களே யோசிங்க, எனக்கு ஒர்த்தா தெரியல.

ஆண்மை விஷயத்துக்குத்தான் இது அதிகமா விக்குது. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடற காக்ரேன் குழு 2021ல இருக்கற ஆய்வு எல்லாத்தையும் சேர்த்து அலசினாங்க, விறைப்புக் குறைபாட்டுல டம்மி மாத்திரையை விட பெருசா சொல்லிக்கற மாதிரி வித்தியாசம் இல்ல, இருக்கற ஆதாரமும் பலவீனம்னு சொல்லிட்டாங்க. அதை விட முக்கியமா, விறைப்புக் குறைபாடு பல பேருக்கு சுகர், பிபி, இதய ரத்தக்குழாய் அடைப்புக்கு முதல் அறிகுறியா வரும். மாசக்கணக்குல கேப்சூல் போட்டுட்டு டெஸ்ட் பண்ணாம இருந்தா அங்கதான் பெரிய நஷ்டம்.

ஞாபக சக்திக்கு, ஆரோக்கியமானவங்களுக்கோ மறதி நோய் இருக்கறவங்களுக்கோ நம்பற மாதிரி ஆதாரம் இல்லன்னு காக்ரேன் 2010லயே சொல்லியாச்சு. ஜிம் பெர்ஃபார்மன்ஸ், வயசைக் குறைக்கறது, முடி வளர்றது இதெல்லாம் விட்டுத் தள்ளுங்க.

லேபிளை எப்படிப் படிக்கறது

முன்பக்கத்தைப் பாக்காதீங்க, திருப்புங்க. முதல்ல செடியோட தாவரவியல் பேர் இருக்கணும், பேனாக்ஸ்னு ஆரம்பிக்கணும். வெறும் ஜின்செங்னு மட்டும் போட்டிருந்தா கீழ வெச்சிடுங்க. வேர்தான்னு தெளிவா போட்டிருக்கணும், ஏன்னா இலையிலயும் ஜின்செனோசைட் இருக்கு, இலையை அரைச்சுக் கலந்து கணக்கு காட்டலாம்.

அடுத்து அளவு. ஒரு பாட்டில்ல 1000 எம்ஜின்னு பெருசா போட்டிருப்பாங்க, பின்பக்கம் பொடி எழுத்துல "ஈக்விவலன்ட்"னு இருக்கும், 10க்கு 1 எக்ஸ்ட்ராக்ட்னு இருக்கும், அப்படின்னா உள்ள நிஜமா இருக்கறது 100 எம்ஜி எக்ஸ்ட்ராக்ட், 1000ங்கறது அதைச் செய்ய எடுத்த வேரோட எடை. இன்னொண்ணுல 500 எம்ஜி வேர்த்தூள்னு இருக்கும். மூணாவதுல 200 எம்ஜி எக்ஸ்ட்ராக்ட், 4 சதவீதம் ஜின்செனோசைட்னு இருக்கும், இதுலதான் கணக்கு போட முடியும், 200ல 4 சதவீதம் 8 எம்ஜி. மூணையும் பக்கத்துல வெச்சு நம்பரை மட்டும் பாத்து 1000தான் பெஸ்ட்னு எடுத்தா ஏமாந்தோம். எக்ஸ்ட்ராக்ட் வாங்கறதா இருந்தா சதவீதம் போட்டிருக்கறதை மட்டும் வாங்குங்க. ஆனா லேபிள்ல இருக்கறதே உள்ள இருக்கும்னும் இல்ல, 2001ல அமெரிக்காவுல 25 ஜின்செங் பிராடக்ட்டை டெஸ்ட் பண்ணப்ப கேப்சூலுக்கு கேப்சூல் ஜின்செனோசைட் அளவு 15 மடங்கு வரைக்கும், லிக்விட்ல 36 மடங்கு வரைக்கும் வித்தியாசம் இருந்துச்சு. அதனாலதான் கம்பெனியோட சம்பந்தம் இல்லாத வெளி லேப்ல டெஸ்ட் பண்ண முத்திரை இருக்கான்னு பாக்க சொல்றேன், பூச்சிமருந்து, கனஉலோகம் ரெண்டுக்கும் டெஸ்ட் ஆகியிருக்கணும்.

ஜின்செங் கூட பத்துப் பதினைஞ்சு மூலிகை சேர்த்து "சீக்ரெட் ஃபார்முலா"ன்னு வர்றதை வாங்கவே வாங்காதீங்க, ஏதாவது ஆச்சுன்னா எதனால ஆச்சுன்னு கண்டுபிடிக்கவே முடியாது. ஆண்மைக்குன்னு விக்கற கலவைகள்ல சில்டெனாஃபில் (வயாகராவுல இருக்கறது) மாதிரி மருந்தை லேபிள்ல சொல்லாமலே கலந்து பல தடவை மாட்டியிருக்காங்க. நெஞ்சு வலிக்கு நைட்ரேட் மாத்திரை எடுக்கற ஒருத்தர் தெரியாம அதைப் போட்டா பிபி சரேல்னு விழும், உயிரே போகலாம். "போட்ட அரை மணி நேரத்துல வேலை செஞ்சுது"ன்னு யாராவது புகழ்ந்தா அது ஜின்செங்கோட வேலையா இருக்க வாய்ப்பு கம்மி.

லிக்விட் எக்ஸ்ட்ராக்ட்ல ஆல்கஹால் இருக்கும், கல்லீரல் பிரச்சனை இருக்கறவங்க, குடியை விட்டவங்க இதைக் கவனிக்கணும்.

எடுக்கற முறை

மேல சொன்ன லிஸ்ட்ல உங்க பேர் இல்ல, டாக்டர்கிட்டயோ பார்மசிஸ்ட்கிட்டயோ சொல்லியாச்சு, சரியான பாட்டிலும் வாங்கியாச்சுன்னு வெச்சுக்கலாம். ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒரு வாரம் சும்மா இருங்க, அந்த ஒரு வாரம் தினமும் பிபி, எத்தனை மணிக்குத் தூங்கினீங்க, ராத்திரி எத்தனை தடவை எழுந்தீங்க, சாயந்தரம் அசதி பத்துக்கு எவ்வளவுன்னு குறிச்சு வைங்க. இது இல்லாம ஆரம்பிச்சா ரெண்டு மாசம் கழிச்சு "ஏதோ பரவால்ல மாதிரி இருக்கு"ன்னுதான் சொல்ல முடியும்.

அளவு, காய்ஞ்ச வேர்னா ஒரு நாளைக்கு 1ல இருந்து 2 கிராம், ஜெர்மனியில மூலிகைகளை மதிப்பிட்ட கமிஷன் ஈ சொன்ன அளவு இது. 4 சதவீத எக்ஸ்ட்ராக்ட்னா 200 எம்ஜி. முதல் வாரம் இதுல பாதிதான் எடுக்கணும். காலையில சாப்பாட்டோட எடுங்க. வெறும் வயித்துல எடுத்தா சிலருக்கு சர்க்கரை இறங்கி படபடன்னு வரும், வயிறும் கலக்கும். மத்தியானம் தாண்டி எடுத்தீங்கன்னா ராத்திரி முழிச்சுட்டுதான் படுத்திருக்கணும், ஜின்செங்கால வர்ற புகார்ல முதல் இடம் தூக்கம் கெடறதுக்குத்தான். அதே காரணத்துக்கு காபியைக் குறைங்க. 1979ல அமெரிக்காவுல ஒரு ஆய்வாளர் ஜின்செங் எடுத்துட்டு இருந்த 133 பேரை ரெண்டு வருஷம் கவனிச்சு, சிலருக்கு பிபி ஏறி, தூக்கம் போய், பதட்டமாகி, காலையில பேதியும் ஆச்சுன்னு எழுதினாரு. யாரு எவ்வளவு எடுத்தாங்க, உண்மையிலயே ஜின்செங்தானான்னு எல்லாம் அதுல கட்டுப்பாடே இல்லன்னு அப்புறம் நிறைய பேர் விமர்சனம் பண்ணாங்க, அது நியாயம்தான், ஆனா அவங்கள்ல பல பேர் கூடவே காஃபீனும் எடுத்துட்டு இருந்தாங்கங்கறதை நான் மறக்க மாட்டேன். ரெண்டும் சேர்றதை சில பேரோட உடம்பு தாங்கல.

கேப்சூல் வேண்டாம், வேராவே எடுக்கணும்னா முழு வேர் கல்லு மாதிரி இருக்கும், கத்தியை வெச்சு நறுக்க முயற்சி பண்ணா வழுக்கி விரல்லதான் படும். கொஞ்ச நேரம் ஆவியில காட்டினீங்கன்னா இளகிடும், அப்புறம் காகிதம் மாதிரி மெல்லிசா சீவுங்க, சீவினதை நல்லா காய வெச்சு காத்து புகாத டப்பாவுல போடுங்க, பூச்சியும் பூஞ்சையும் இதுக்கு ரொம்ப சீக்கிரம் வரும். ஒரு வேளைக்கு எத்தனை சீவல்னு கண்ணால பாத்து முடிவு பண்ணாதீங்க, கிராம் தராசுல 1 கிராம் எடை போட்டுப் பாருங்க, அது எவ்வளவு கொஞ்சமா இருக்குன்னு பாத்தா ஆச்சரியமா இருக்கும். ரெண்டு டம்ளர் தண்ணியில போட்டு சிறு தீயில 20 நிமிஷம் கொதிக்க விட்டா வெளிர் மஞ்சளா இறங்கும், மண்வாசனை அடிக்கும், முதல் வாய் கசக்கும், முழுங்கினப்புறம் தொண்டையில லேசா இனிக்கும். அந்த சீவலை அப்படியே மென்னும் சாப்பிடலாம். கசப்பே இல்லாம வெறும் இனிப்பா இருந்தா, குறிப்பா இன்ஸ்டன்ட் டீ பாக்கெட்ல, பின்பக்கம் பாருங்க, முக்கால்வாசி சர்க்கரையா இருக்கும்.

டோஸ் தவறினா மறுநாள் ரெண்டா எடுக்காதீங்க. அதிகம் எடுத்தா அதிகப் பலன்னும் இல்ல, அந்த 1979 ரிப்போர்ட்லயே ஒரே நாள்ல 15 கிராம் வரைக்கும் எடுத்தவங்களுக்கு குழப்பமும் தன் உடம்பே தனக்கு அந்நியமா தெரியற மாதிரி உணர்வும் வந்ததா எழுதியிருக்கு.

எத்தனை நாளைக்கு? 3 மாசம், அதுக்கு மேல வேண்டாம். 3 மாசத்துக்கு மேல எடுத்தா பாதுகாப்பானதுன்னு சொல்ற நல்ல ஆய்வுகள் கம்மி. 8 வாரம் முடிஞ்சதும் அந்த நோட்டை எடுத்து முதல் வாரத்தோட ஒப்பிடுங்க. எண்ணிக்கையில மாற்றம் இல்லன்னா அடுத்த பாட்டில் வாங்காதீங்க, அதுக்குப் பதிலா ஹீமோகுளோபின், தைராய்டு, பி12, விட்டமின் டி, சுகர் டெஸ்ட் எடுங்க, குறட்டை விடறவங்களா இருந்தா தூக்கத்துல மூச்சு அப்பப்ப நின்னு போற ஸ்லீப் ஆப்னியா இருக்கான்னு பாருங்க. மாசக்கணக்குல அசதின்னு சொல்றவங்கள்ல எத்தனையோ பேருக்கு விடை இந்த லிஸ்ட்லதான் இருக்கு.

உடனே நிறுத்த வேண்டியது எப்ப

லேசான தலைவலி, வயித்துப் பொருமல் வந்தா அளவைப் பாதியாக்கிப் பாக்கலாம். ஆனா நெஞ்சு படபடப்பு, பிபி வழக்கத்தை விட ஏறிட்டே போறது, தோல்ல தடிப்பு, ரெண்டு நாள் தூங்காமலே உற்சாகமா இருக்கறது, இதுல ஒண்ணு வந்தாலும் நிறுத்திட்டு டாக்டரைப் பாருங்க. மூக்குல ஈறுல ரத்தம், மலம் கருப்பா போறது, கண்ணு மஞ்சள், சிறுநீர் டீ கலர்ல வர்றது இதெல்லாம் அன்னிக்கே ஆஸ்பத்திரி, நாளைக்குப் பாக்கலாம்னு இருக்காதீங்க. பெண்களுக்கு மார்பகம் வலிச்சாலோ, கட்டின மாதிரி இருந்தாலோ, மாதவிடாய் நின்னவங்களுக்கு மறுபடி ரத்தப்போக்கு வந்தாலோ ஜின்செங்காலதான்னு நீங்களே முடிவு பண்ணிட்டு விட்டுடாதீங்க, மாதவிடாய் நின்ன பிறகு வர்ற ரத்தம் எதுவா இருந்தாலும் ஸ்கேன் பாத்தே ஆகணும். போகும்போது பாட்டிலையும் கையோட எடுத்துட்டுப் போங்க, பேர் சொன்னா போதாது, டாக்டருக்கு லேபிள் வேணும்.

ஆபரேஷன் தேதி வெச்சாச்சுன்னா குறைஞ்சது 7 நாள் முன்னாடி ஜின்செங்கை நிறுத்திடணும், ரத்தப்போக்கு ஒரு காரணம், ஆபரேஷனுக்காகப் பட்டினி இருக்கறப்ப சர்க்கரை இறங்கிடலாம்ங்கறது இன்னொரு காரணம். பல் பிடுங்கறதா இருந்தாலும் பல் டாக்டர்கிட்ட சொல்லுங்க. திடீர்னு எமர்ஜென்சின்னா 7 நாள் எல்லாம் கிடைக்காது, அப்ப மயக்க மருந்து கொடுக்கற டாக்டர்கிட்ட கடைசியா எப்ப எடுத்தீங்க, எவ்வளவு எடுத்தீங்கன்னு சொல்லிட்டா போதும், அவங்க அதுக்கேத்த மாதிரி பாத்துப்பாங்க. நீங்களே பேச முடியாத நிலையில இருக்கலாம், அதனால ஜின்செங் எடுக்கற விஷயம் வீட்டுல இன்னொருத்தருக்கும் தெரிஞ்சிருக்கணும், அந்த மருந்து லிஸ்ட் பேப்பர்லயே ஒரு வரி சேர்த்து பர்ஸ்ல வெச்சிடுங்க.